கோடு போட்ட கோட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்காலை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால், ஆபீஸில் முப்பது வருஷம் டைப் அடித்த நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நம் பேத்தி, பாலம் கட்டும் இஞ்சினியர்களின் மாநாட்டில் பேசப்போவது உங்களுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன், மூன்று தடவை. பேசுகிறவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு முகங்களையும் போட்டு அவள் ஆபீஸ் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போஸ்டர் வைக்கப்போகிறார்கள் என்று அதன் மாதிரியைப் போனில் காட்டினாள். பதினோரு கட்டத்தில் டை கட்டிய ஆண்கள். பன்னிரண்டாவது கட்டத்தில் கண், மூக்கு, வாய் எதுவும் இல்லாத ஒரு சாம்பல் நிற பொம்மை. "இது யாருடி, முட்டைக்குத் தோள் முளைச்ச மாதிரி?" என்றேன். "அது நான்தான் பாட்டி. இன்னும் போட்டோ குடுக்கல" என்றாள். எனக்கு என் பள்ளிக்கூடப் படம் ஞாபகம் வந்தது. ஐந்தாம் வகுப்பில் எல்லோரையும் நிற்க வைத்து எடுத்த படத்தில் நான் ஒரு நெட்டைப் பெண்ணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். என் தலை ரிப்பன் மட்டும்தான் விழுந்திருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போனதற்கு அந்த ரிப்பன் ஒன்றுதான் சாட்சி. இத்தனை படித்த இவளுக்கும் முகம் இல்லாமல் போவதா? வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் படம் வராவிட்டால் பொம்மையையே அச்சடித்துவிடுவார்களாம். இவளோ, "வேலையில போடற ஆரஞ்சுச் சட்டை, ஹெல்மெட்டோட எடுத்துக் குடுத்தா என்ன?" என்கிறாள்.

செவ்வாய்க்கிழமை என் பச்சைப் பட்டைக் கட்டிவிட்டு, காதில் என் தொங்கட்டானையும் மாட்டி ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். போட்டோக்காரர் பார்த்ததுமே, "அம்மா, பளபளன்னு இருக்கறது வேண்டாம், வெளிச்சத்தத் திருப்பி அடிக்கும்" என்றார். "எங்க வீட்டுப் பட்டு யாரையும் அடிக்காது, நீங்க எடுங்க" என்றேன். எடுத்தார். தாடையிலிருந்து கன்னம் வரை பச்சை. ஆறு வாரம் படுக்கையில் கிடந்து நேற்றுதான் எழுந்தவள் போல இருந்தாள். அது விளக்கின் குற்றம், புடவையின் குற்றமில்லை. ஆனால் என் மருமகள், அதாவது உங்கள் மகள், அன்றைக்கே உங்களுக்குப் போன் போட்டு என்ன சொன்னாளோ, வியாழக்கிழமை காலையில் உங்கள் பார்சல் வந்து நிற்கிறது. உள்ளே ஒரு கோட்டு. மேலே கோடு போட்ட தாளில் உங்கள் கையெழுத்து. வெள்ளை கூடாது, பெரிய பூ கூடாது, பளபளப்பு கூடாது, காதில் ஆடுவது எதுவும் கூடாது, கோட்டுப் போட்டால் தனி மரியாதை. எல்லாம் என் புடவையை எதிரில் தொங்கவிட்டுப் பார்த்து எழுதியது போல இருந்தது. நான் கேட்கிறேன், இவ்வளவு எழுதிய நீங்கள் மெல்லிசுக் கோடு கூடாது என்று ஏன் எழுதவில்லை? ஏனென்றால் நீங்கள் அனுப்பியது மெல்லிசுக் கோடு போட்ட கோட்டு!

வியாழன் சாயங்காலம் அதைப் போட்டு எடுத்த படத்தைப் போட்டோக்காரர் கம்ப்யூட்டரில் காட்டினார். கோடெல்லாம் புழு மாதிரி நெளிகிறது. முகத்தைப் பார்க்கலாம் என்றால் கண் கோட்டுக்கே போகிறது. "எங்கம்மா கோட்டுங்கறதால குத்தம் சொல்றீங்க அத்தை" என்றாள் உங்கள் மகள். "நான் எங்கே சொன்னேன், கேமரால்ல சொல்லுது" என்றேன். பேத்தி நடுவில் நின்றுகொண்டு, "பாலமே இடிஞ்சு விழுந்தாக்கூட இவ்வளவு பேச மாட்டாங்க, விடுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் காலையிலிருந்தே பாலத்தில் வேலை. நேராக ஸ்டூடியோவுக்கு வருவதாகச் சொன்னாள். வேறு கோட்டு இல்லாததால் அதையே எடுத்துக்கொண்டு நான் முன்னாலேயே போய், உடை மாற்றும் அறையில் உட்கார்ந்தேன். அறை என்று பெயர், அலமாரி அளவுதான். ஆணியில் கோட்டை மாட்டும்போது அது புரண்டு உள்பக்கம் தெரிந்தது. கருநீலம். கோடில்லை, பூவில்லை, பளபளப்பில்லை. உங்கள் தாளில் கேட்டிருந்த அத்தனையும் உங்கள் கோட்டின் உள்ளேதான் இருந்தது! என் கைப்பையில் ஊசியும் நூலும் எப்போதும் உண்டு. கோட்டை உள் வெளியாகத் திருப்பினேன், ஓரத்தை மடித்து ஓட்டுத் தையல் போட்டேன், பித்தானை அறுத்து இந்தப் பக்கம் தைத்தேன். கழுத்துப் பட்டியில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு எட்டிப் பார்த்தது; அதற்குள் மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டதால் விட்டுவிட்டேன். அவள் செருப்பெல்லாம் சேறாக, காதில் போனோடு ஓடி வந்தாள். மாட்டிவிட்டேன். "பாட்டி, உள் பாக்கெட் ஏன் வெளிய இருக்கு?" "இப்ப அதான் ஃபேஷன். நேரா பாரு." ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு அவள் கேமராவைப் பார்க்கவும் போட்டோக்காரர் எடுக்கவும் சரியாக இருந்தது. ஆறு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது படம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கழற்றும்போதுதான் கோட்டு உள் வெளியாக இருந்ததைப் பார்த்தாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்: "ஆயிரம் பேர் பாக்கற படம் பாட்டி. கோட்டையே நேரா போடத் தெரியல, இவ பாலத்த நேரா கட்டுவாளான்னு கேப்பாங்க." கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாளாக எதைக் கேட்டாலும் "ம்", "சரி", அவ்வளவுதான். உங்கள் போனுக்கு அந்தப் படம் வருவதற்குள் நானே சொல்லிவிடுவது மேல் என்று எழுதுகிறேன். கோடு போடாத ஒரு வெறும் கோட்டை அனுப்பியிருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது. கோட்டை இந்தக் கடிதத்தோடு பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். ஒரு பித்தானைக் காணோம், தேட வேண்டாம். இனிமேல் தயவுசெய்து துணியும் அனுப்ப வேண்டாம், தாளும் அனுப்ப வேண்டாம்.

சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்; என் கோபத்தை அதில் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
கோபம் தணியாத,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: திங்கட்கிழமை மதியம். பொட்டலத்தை ஒட்டி முடித்த பிறகு பேத்தி ஆபீஸிலிருந்து கூப்பிட்டாள். போஸ்டர் வைத்துவிட்டார்களாம். பதினோரு பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்க, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் இவள் முகத்தைத்தான் பார்க்கிறார்களாம். கழுத்தில் ஒரு விரல் கோடு வைத்த அந்தக் கோட்டு எந்தக் கடையில் கிடைக்கும் என்று இதுவரை மூன்று பெண்கள் கேட்டுவிட்டார்கள். ஆகவே பொட்டலத்தைப் பிரித்துக் கோட்டை எடுத்துக்கொண்டேன். உங்கள் அலமாரியில் கட்டம் போட்ட கோட்டு ஒன்று இருப்பதாக ஒரு தடவை சொன்னீர்கள். அதை உடனே அனுப்பவும், உள்பக்கம் என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுதி. அந்த மூன்று பேரிடமும் பேத்தி, "கடையில வாங்கலங்க, எங்க பாட்டியோடது" என்று சொன்னாளாம். எந்தப் பாட்டி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.