திரைத் துணிச் சட்டையும் ஒரு தாராவும்

கல்முனைக் களப்பில் இறங்கும் காட்டுத் தாராக்கள், அதாவது காட்டு வாத்துகளெல்லாம் கூட்டம் போட்டு யாருக்காவது பொன்னாடை போர்த்துவதென்றால், அது மிசின் காக்காவுக்குத்தான் போகும். இரண்டு நாள் வேட்டைக்குப் போனார். ஒரு தாராவுக்கும் இறகுகூட நோகவில்லை. மூன்றாம் நாள் ஒன்று விழுந்தது. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

மூத்தவரைக் காக்கா என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இவர் தையற்காரர், அதனால் மிசின் காக்கா. என் போட்டோகொப்பிக் கடைக்கு அடுத்த கடை. அவருக்கு வாப்பா உம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே முழிப்பார். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. எனக்குக் காய்ச்சல் என்றபோதுகூட நாடாவோடுதான் வந்து நின்றார்.

மகளைக் கட்டிக் கொடுத்தார். எங்கள் வழக்கப்படி இறக்காமத்து மாப்பிள்ளை இவர் வீட்டோடு வந்து சேர்ந்தார். ஒரு நாள் சோற்றுக்கு முன்னால், தன் உம்மா காட்டுத் தாரா ஆக்கினால் தெருவே மணக்கும் என்று பையன் சும்மா சொல்லிவைத்தான். காக்காவுக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. சனிக்கிழமை மருமகன் கட்டாருக்கு வேலைக்குத் திரும்புகிறான். வெள்ளிக்கிழமைப் பகல் சோற்றுக்குள் காட்டுத் தாரா வேண்டும். கோழியே போதும் என்று அவர் மனைவி ராத்தா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

வயலில் பன்றிக் காவலுக்கென்று அனுமதி பெற்ற துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது. அனுமதி பன்றிக்கு, தாராவுக்கு அல்ல என்று சட்டம் பேசிப் பார்த்தேன். அதையும் கேட்கவில்லை. குண்டு பட்டே செத்துப்போனால் ஹராம். உயிர் போகுமுன் பிடித்து, பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும். ஓடுவதற்கு ஆள் தேவை. பள்ளிக்கூடக் காலத்தில் நான் பந்து விளையாடியது அவருக்கு நினைவு வந்துவிட்டது. கத்தி என் கைக்கு வந்தது.

ஆமிச் சட்டை மாதிரித் தைத்தால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று, கடையில் மிஞ்சிய ஜன்னல் திரைத் துணியில் இருவருக்கும் சட்டை தைத்தார். பச்சை இலை, இடையிடையே சிவப்புப் பூ. முகத்துவாரத்துக் கண்டல் மரங்களுக்குள் நாங்கள் போனது, இரண்டு ஜன்னல்கள் நடந்து போவதுபோல இருந்திருக்கும். பறக்கிற தாராவுக்கு ஒன்றரை முழம் முன்னால் குறி வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒன்றரை முழத்தை நாடாவில் அளந்து பார்த்துக்கொண்டுதான் சுட்டார். துவக்கு உதைத்த உதையில் காக்கா சேற்றில் மல்லாந்தார். தாராக்கள் ஒரு வட்டம் சுற்றி வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயின.

குற்றம் சிவப்புப் பூவில்தான் என்று முடிவு செய்து, அத்தனையையும் கத்தரித்து எடுத்துவிட்டு, அடுத்த நாள் ஓட்டைச் சட்டையோடு வந்தார். தண்ணீர் வற்றியிருந்த நேரம் நாங்கள் போய்க் குந்தினோம். கடல் பெருகிக் களப்புக்குள் ஏறியது. அசைந்தால் தாரா கலையும் என்று இடுப்பளவு தண்ணீரிலும் அவர் அசையவில்லை. தோட்டாவெல்லாம் நனைந்து, ஒன்றுதான் மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை காலை அந்த ஒன்றைச் சுட்டார். அக்கரைச் சேற்றில் தாரா விழுந்தது. பாய்ந்தேன். பாதி வழியில் தொடை வரை புதைந்தேன். உருவிக்கொண்டு எழுந்தபோது சாரன் சேற்றோடு நின்றுவிட்டது. உள்காற்சட்டையோடு நான் மட்டும் போனேன். பிடித்தேன், பிஸ்மி சொன்னேன், அறுத்தேன்.

“துடிச்சதா?” என்று காக்கா தான் நின்ற கரையிலிருந்து கேட்டார்.

“ஓம் காக்கா,” என்றேன்.

திரும்பி வரும் வழியில் இன்னொரு தடவை கேட்டார். ஓம் என்றேன். வயல் வரம்பில் நின்று மூன்றாம் தடவை கேட்டார்.

“ஓம் எண்டு செல்ற நேரம் ஏன் மனே தாராவப் பாக்காய்? என்னப் பாரு.”

பார்த்தேன். தெரியாது காக்கா என்று சொல்லிவிட்டேன். கை நடுங்கியதில், துடித்தது தாராவா என் கையா என்று எனக்கே விளங்கவில்லை. யாரும் காணவில்லையே, நான் வாய் திறக்கமாட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. வரம்பிலேயே குந்திவிட்டார்.

“மருமகன் என்ட ஊட்ட நம்பிக் கண்ண மூடிட்டுத் தின்றான். அந்த வாயில சந்தேகத்த வெக்க ஏலா.”

தாராவை அங்கேயே புதைத்தோம். வரும் வழியில் பிராய்லர் கோழி வாங்கினார்.

பகல் சோற்றுக்கு என்னையும் இருத்தினார். மருமகனிடம் துவக்கின் உதை, ஓட்டைச் சட்டை, என் சாரன் என ஒன்றும் விடாமல் சொன்னார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாக, “மாமா, உம்மா ஆக்கினது ஊட்டுல வளத்த தாரா. காட்டுத் தாரா எண்டு சும்மா பெருமைக்குச் சென்னேன்,” என்றான். உள்ளே ராத்தா சிரித்த சிரிப்பில் சட்டி விழுந்தது.

அறுக்கும்போது உயிர் இருந்ததா என்று பையன் கேட்டான். நான் என் சோற்றுப் பீங்கானைப் பார்த்துக்கொண்டேன்.

“எங்க ரெண்டு பேருக்கும் விளங்கல்ல மகன்,” என்றார் காக்கா, என் பீங்கானில் இன்னொரு இறைச்சித் துண்டை வைத்தபடி.

என்னை அவர் பார்க்கவே இல்லை. நான் இரண்டு தடவை ஓம் சொன்னதை இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அவர் தைத்த அந்தத் திரைத் துணிச் சட்டை என் அலுமாரியில் இருக்கிறது. சட்டி இறக்கும் பிடிதுணிக்காவது தரச் சொல்லி மனைவி கேட்கிறாள். நான் கொடுப்பதாக இல்லை.