பி சைடு ஓட்டிய பஸ்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எந்த இரும்பையும் உருக்கிவிடலாம், எங்கள் கம்பெனி பஸ் டிரைவரை உருக்க முடியாது. அப்படியொரு பிடிவாதக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெயர் என்னவோ இருந்தது. நாங்கள் கூப்பிட்டது ‘பி சைடு’.

காரணம் அவருடைய கேசட்டுகள். சீட்டுக்குப் பின்னால் மூன்று அட்டைப்பெட்டி நிறைய வைத்திருந்தார். வீட்டில் டேப் ரெக்கார்டர் எப்போதோ செத்துவிட்டது. பஸ்ஸில் இருந்த பழைய பிளேயர் ஒன்றுதான் கதி. ஊரே போனில் பாட்டு கேட்கும்போது, இவர் அத்தனை கேசட்டையும் வாங்கிய வரிசையில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் பொன்னேரியிலிருந்து வரும்போது ஏ சைடு, சாயங்காலம் திரும்பும்போது பி சைடு. வருஷக்கணக்காக நாங்களும் கேட்டோம். காது எங்களுடையது என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

ஒருநாள் மத்தியானமே லீவு சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் படியிலேயே மறித்தார்.

“இன்னா நைனா, நேத்து சாயங்காலம் ஆளே காணோம்?”

“பல்லு வலிண்ணா. புடுங்கிக்கினு வந்தேன்.”

“பல்லு கெடக்கட்டும். பி சைடு பூட்ச்சே! இனிமே அது சுத்திக்கினு அடுத்த பொங்கலுக்குத்தான் வரும்.”

சாவு வீட்டில் செய்வதுபோல என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பாட்டு முடிவதற்குள் கம்பெனி வந்துவிட்டால் இன்னும் மோசம். கதவு காம்பவுண்டு சுவரில் ஒட்டுகிற மாதிரி பஸ்ஸை நிறுத்திவிடுவார். எலிகூட இறங்க முடியாது. உள்ளே நாங்கள் கத்துவோம், வெளியே கம்பெனிச் சங்கு ஊதும். அவர் கண்ணை மூடித் தாளம் போடுவார். பாட்டு முடிந்த பிறகுதான் வண்டி இரண்டடி நகரும்.

பேக்கிங் பிரிவு அஞ்சலை ஒருமுறை யோசனை சொன்னாள். “அண்ணா, போன்ல போட்டா புடிச்ச பாட்ட மட்டும் கேக்கலாமே?”

“புடிச்ச பாட்ட எல்லாரும் கேப்பாங்கம்மா. புடிக்காத பாட்டு யாராண்ட போவும்?”

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது?

பிறகு ஒரு மத்தியானம் பஸ் காண்டிராக்டர் பழைய வண்டியை இரும்புக்கடைக்குத் தள்ளிவிட்டுப் புது பஸ் கொண்டுவந்தார். பி சைடு இரும்புக்கடைக்கே ஓடிப்போய் பிளேயரைக் கழற்றினார். கம்பி சுற்றி ஓடிக்கொண்டிருந்த சாமான், கையோடு இரண்டாக வந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, “இதுக்கு மோட்டாரே இப்ப வர்றதில்லண்ணா” என்றான். மூன்று பெட்டி கேசட்டும் ஒரே நாளில் ஊமையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஏறினேன். கவரைப்பேட்டை தாண்டியதும் ஒரு சத்தம். பிரேக் தேய்கிறது என்று நினைத்தோம். பி சைடு பாடிக்கொண்டிருந்தார். பாட்டு மட்டுமா? வயலின், தபேலா, கோரஸ் எல்லாம் அந்த ஒரே வாயில். பெண் குரலுக்கு அவர் போன உயரத்தில், முன்னால் போன லாரி பயந்து ஒதுங்கியது.

“நிறுத்துண்ணா, காது கிழியுது!”

“இரு நைனா, ஃப்ளூட்டு வருது.”

மறுநாளும் பாடினார், அதற்கு மறுநாளும். காலையில் ஏ, மாலையில் பி, வரிசை தப்பவே இல்லை. யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் காலை காண்டிராக்டர் கேட்டிலேயே நின்று கத்தினார். “இனிமே வண்டில பாடினா, சாவிய குட்த்துட்டு ஊட்டுக்குப் போயிடு!” அன்று மாலை அவரே காவலுக்கு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

பி சைடு வாயைத் திறக்கவில்லை. கவரைப்பேட்டை வந்தது, போனது. கண்ணாடியில் பார்த்தேன். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

பின் சீட்டில் அஞ்சலை ஆரம்பித்தாள். அன்றைய கேசட்டின் பி சைடு, முதல் பாட்டு. சுருதி மருந்துக்கும் இல்லை. நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

“ஏய், யார் அது?” காண்டிராக்டர் எழுந்தார்.

“டிரைவரத்தான பாடக் கூடாதுன்ன? நீ குந்து சார்” என்றாள் அஞ்சலை.

முதல் பாட்டு முடிந்தது. அடுத்தது மகா மட்டமான பாட்டு, எழுதியவனை உதைக்க வேண்டும். யாரும் தொடங்கவில்லை. பி சைடு கண்ணாடி வழியாக எங்களையே பார்த்தார்.

நான்தான் முதல் அடியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வரிகூட மறந்திருக்கவில்லை.