சர்வேயர் சார் வீட்டு பாங்காக் விருந்து

எங்கள் குமரி மாவட்டத்தில் பக்திக்கு ஒரு குறையும் கிடையாது. அம்மன் கோயில் உண்டு, சர்ச் உண்டு, அய்யாவழிப் பதி உண்டு. ஆனால் எங்கள் சர்வேயர் சார் ஒரு புத்தகத்தை நம்பிய அளவுக்கு இங்கே எந்த மதத்துக்காரரும் எந்தப் புத்தகத்தையும் நம்பியதில்லை. அது சமையல் புத்தகம்.

குழித்துறையில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. தாலுகா ஆபீசில் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அவர் மனைவியே 'சர்வேயர்' என்றுதான் சொல்வார். துபாயில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கும் மகள், அந்த ஓட்டல்காரர்கள் போட்ட புத்தகத்தை அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். பாங்காக், பினாங்கு தெருக்களில் விற்கிற சாப்பாட்டை வீட்டில் செய்வது எப்படி என்று, வழவழ தாளில், படத்தோடு. சும்மா படம் பார்க்கத்தான் அனுப்பினாள். சார் அதை அரசாணையாக எடுத்துக்கொண்டார்.

கேரட் மூன்று மில்லிமீட்டர் கனம் என்றால் ஸ்கேல் வைத்து அளப்பார். நாலு மில்லிமீட்டர் துண்டெல்லாம் ஆட்டுக்குப் போகும். நூடுல்ஸ் கிண்டும்போது தீ சட்டிக்குள் ஏறி விளையாட வேண்டும் என்று போட்டிருந்தது. விளையாடியது. மறுநாள் சந்தையில் அவரைப் பார்த்துத் திகைத்துப் போனேன்.

"சாரே, புருவம் எங்க?"

"புக்குல உள்ளபடி செய்தேன் மக்களே. ருசி வந்துட்டு, புருவம் போச்சு."

அந்த ஊர் மீனவர்கள் மீன் சாறு எப்படி எடுக்கிறார்கள் என்று, வாசகர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். சார் அதையும் செய்தார். நெத்திலியையும் உப்பையும் ஊறுகாய்ப் பரணியில் அடைத்து மொட்டை மாடி வெயிலில் வைத்துவிட்டார், ஒரு வருஷத்துக்கு. கருவாடு தின்று வளர்ந்த ஜனங்கள் நாங்கள். நாங்களே மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடை மூடியைத் திறந்து பார்த்தோம். எங்களோடு சேர்ந்து குனிந்து பார்த்துவிட்டு, "இங்கேருந்து வரல்ல போலிருக்கே" என்றார் சார்.

இதையாவது பொறுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிடுவார் பாருங்கள், அதுதான் கொடுமை. 'இது தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டிய உணவு' என்று முன்னுரையில் ஒரு வரி. ஆகவே வீட்டுக்குள் யாருக்கும் நாற்காலி கிடையாது. காம்பவுண்டு சுவருக்கு வெளியே, ரோட்டில் நின்றுதான் தின்ன வேண்டும். ஒரு தடவை மழை பிடித்துக்கொண்டது. சார் உள்ளே போய்க் குடைகளை எடுத்து வந்தார். ஒரு கையில் குடையும் ஒரு கையில் தட்டுமாக நான் நின்றேன். சாப்பிடுவதற்கு மூன்றாவது கை இல்லாததால் அன்று தப்பித்தேன். அவர் மனைவி விவரமானவர். ஞாயிறு விடிந்ததும் மண்டைக்காட்டில் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் என் மனைவி செல்வி உண்டானாள். மூன்றாம் மாதம் மசக்கை அவளைப் போட்டுப் புரட்டியது. கஞ்சி நிற்கவில்லை, இளநீர் நிற்கவில்லை, கடைசியில் பச்சைத் தண்ணீர்கூட நிற்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. "திங்கட்கிழமைக்குள்ள எதாவது உள்ள தங்கணும். இல்லைன்னா அட்மிட் பண்ணிருவோம்" என்றார் டாக்டர். வெளியே தைரியசாலிபோல நடமாடிக்கொண்டு குளியலறைக்குள் போய் அழுதேன்.

மசக்கைக்காரிக்கு வீட்டுக்கு வீடு ஏதாவது செய்து கொண்டுவருவது வழக்கம். புளி மாங்காய், நார்த்தங்காய், சுட்ட அப்பளம் எல்லாம் வந்தன. வந்த வேகத்தில் போயின. ஞாயிறு சாயங்காலம் தூக்குவாளியோடு வாசலில் நின்றார் சர்வேயர் சார். என் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சாரே, பிள்ளைக்கு வெள்ளம்கூட நிக்க மாட்டேங்கு…"

"அது கேட்டுத்தான் வந்தேன். புளிப்பு சூப்பு. ஒரு வாய் குடிக்கட்டும்."

மூடியைத் திறந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீரில் பச்சையாக ஏதோ மிதந்தது.

"இதென்ன சாரே, புல்லு?"

"இஞ்சிப்புல்லு. கூட அரத்தை, நாரத்தை இலை. பிழிஞ்சது எலுமிச்சை." கொஞ்சம் தயங்கினார். "இறால் போடணும்னு இருக்கு. போடல்ல. மிளகாயும் போடல்ல. மீன் சாறும் இல்ல. வாடை பிடிக்காதுல்லா?"

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேரட்டில் ஒரு மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்காத மனிதர்! திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். செல்வி எழுந்து வரப் பார்த்தாள்.

"எழும்பாண்டாம் மக்களே. கிடந்துட்டே குடி."

மூன்று கரண்டி குடித்தாள். அம்மா வாந்தி பிடிக்கும் பேசினை ஏந்திக்கொண்டு தயாராக நின்றாள். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம். பத்து. இருபதாவது நிமிஷம் செல்வி தலையைத் திருப்பினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா சாரே?"

அம்மா பேசினைக் கீழே போட்டாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் அன்றைக்குத்தான் இறங்கியது. மறுநாள் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "அட்மிஷன் வேண்டாம். அந்த சூப்பையே குடுங்க" என்றார். அடுத்த மூன்று வாரமும் சாயங்காலம் தவறாமல் தூக்குவாளி வந்தது. செல்வி குடித்து முடித்து இருபது நிமிஷம் ஆகும்வரை சார் வீட்டுக்குத் திரும்பமாட்டார்.

மகளுக்கு இப்போது நாலு வயது. சார் கூப்பிடும்போதெல்லாம் மூன்று பேருமாகத்தான் போகிறோம். அந்த சூப்பைத் தவிர அவருக்கு வேறொன்றும் கைவரவில்லை. சாப்பாடு பழையபடி மோசம்தான். ஆனால் அவர் கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு என்னவோபோல் இருக்கிறது.