எள்ளளவு மருந்து

"திரும்பவும் ஏறிடுச்சு," என்றார் வெர்லின் ஸ்ட்ரவுட்.

கராஜ் மேசையில் இருந்த மின் தராசு, அதே சிட்டிகை வெடிமருந்துக்கு மூன்றாவது தடவையாக வேறொரு எடையைக் காட்டியது.

பதினோரு வருஷம் விண்ணப்பம் போட்டு, இந்த வருஷம்தான் கொலராடோ குலுக்கலில் அவருக்கு எல்க் மான் வேட்டை அனுமதிச் சீட்டு விழுந்திருந்தது. சனிக்கிழமை விடிந்தால் வேட்டை. இன்று வியாழன். தோட்டா ஒன்றுகூடத் தயாராகவில்லை.

"கடையில வாங்கித் தொலையேன்," என்றாள் மனைவி மாவிஸ்.

"அது ரெடிமேட் சட்டை மாதிரி மாவிஸ். நான் பண்றது என் துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைக்கறது."

"டெய்லர் யாரும் வெடிச்சுச் செத்ததா நான் கேள்விப்பட்டதில்ல."

அதற்காகத்தான் இத்தனை ஜாக்கிரதை. மருந்து கூடினால் துப்பாக்கியே முகத்தில் வெடிக்கும். கையேடு சொல்லும் குறைந்த அளவில் தொடங்கி, எள்ளளவு எள்ளளவாக ஏற்ற வேண்டும். ஒவ்வோர் அளவிலும் மூன்று தோட்டா. வெர்லின் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்திருந்தார்.

தராசைக் கெடுப்பது ஹீட்டரின் காற்று என்று கண்டுபிடித்து, ஹீட்டரை அணைத்தார். அரை மணியில் கராஜ் உறைந்தது. தராசும் அவரோடு சேர்ந்து நடுங்கியது.

எல்லாவற்றையும் சமையலறைக்குத் தூக்கி வந்தார்.

"ஓவனை அணை."

"உள்ள ஆப்பிள் பை வேகுது. சர்ச் விருந்துக்கு."

"மருந்து இருக்கற இடத்துல நெருப்பு ஆகாது."

பாதி வெந்த பை வெளியே வந்தது. சில தோட்டாக்களை நிரப்பிய பிறகுதான் ஃபிரிஜ்ஜின் அதிர்வில் எண்கள் ஆடுவது தெரிந்தது. ஃபிரிஜ்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். சோதனை எடைக்கல்லை வைத்தார். எண் அசையவில்லை. சந்தோஷத்தில் சீட்டியடித்தபடி மொத்தம் பதினைந்து தோட்டாக்களை முடித்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"மாவிஸ், நான் ஃபிரிஜ்ஜைப் பிடுங்கினதுக்கு முன்னாடி நிரப்பினது எத்தனை?"

"ஐஸ்கிரீம் உருகினதுக்கு எத்தனை நாழி முன்னாடி?"

எது எதுவென்று தெரியவில்லை. சந்தேகம் வந்தால் பிரித்துவிட வேண்டும்; அதில் பேச்சே இல்லை. தோட்டாவைச் சுத்தியல் மாதிரி ஒரு கருவிக்குள் மாட்டி ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று வரும். பதினைந்து தோட்டா, தோட்டாவுக்கு நாலு தட்டு. பை நடுவில் குழிந்து உட்கார்ந்தது.

கடைசியில் காற்றும் அதிர்வும் இல்லாத ஒரே இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வெர்லின், எவ்வளவு நேரம்? எனக்கு அவசரம்."

"இன்னும் ஆறு தோட்டாதான்."

"பக்கத்து வீட்டுக்குப் போறேன். காரணம் கேட்டா உண்மையைச் சொல்லப்போறேன்."

வெள்ளிக்கிழமை, சுடுதளம். அங்கே பொறுப்பில் இருந்த ரொவீனா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். வெர்லின் குறைந்த அளவிலிருந்து சுட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் காலிக் குப்பியைத் திருப்பி, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் அழுத்தம் தாங்காமல் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். நாலாவது அளவில், காலிக் குப்பியை வெளியே தள்ளும் போல்ட் திறக்க முரண்டு பிடித்தது.

"இதோட நிறுத்தணும். அழுத்தம் கூடிடுச்சுன்னு அது சொல்லுது."

"மிச்சத்தையும் சுட்டுப் பாக்கலாமே?"

"சொல்றப்பவே கேட்டுக்கணும் பொண்ணே. கத்தின பிறகு காது இருக்காது."

ஐந்தாவது அளவைத் தொடாமல் பிரிப்பதற்கு எடுத்து வைத்தார். இரண்டாவது அளவு சுட்ட இலக்குக் காகிதத்தைக் கழற்றி வந்து பார்த்தார். மூன்று ஓட்டையையும் ஒரே கால் டாலர் காசு மூடியது. வெர்லினுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாவிஸுக்குப் போன் போட்டு, "ஆயிடுச்சு. ஹீட்டர், ஓவன், ஃபிரிஜ், எல்லாத்தையும் போட்டுக்கோ," என்றார்.

"ரொம்பப் பெரிய மனசு."

ரொவீனா சிரித்தாள். "நாளைக்கு எந்தக் காடு? சீட்டைக் குடுங்க, பாதை சொல்றேன்."

பதினோரு வருஷப் பெருமையோடு எடுத்து நீட்டினார். அவள் ஒரு முறை படித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"வெர்லின், இது வில் அம்பு வேட்டைக்கான சீட்டு, அதுவும் போன மாசமே முடிஞ்சிடுச்சே."