அங்குலம் பிசகாத பக்தி

ஆலயத்துக்கு ஆண்டவரைத் தொழ வருகிறவர்கள் பல விதம். ஆண்டவர் ஒழுங்காகத் தொழப்படுகிறாரா என்று மேற்பார்வை பார்க்க வருகிறவர் மட்டும் தனி இனம். எல்லாச் சபையிலும் இப்படி ஒருவர் இருப்பார். இல்லாத சபையில் அந்தப் பதவிக்கு இருவர் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் சபையில் இருக்கும் அந்த ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர் அங்குலம். வாரநாளில் மருந்துக் கடை நடத்துகிறார். ஞாயிறு என்றால், கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். பீடத்து வெள்ளைத் துணி இரு பக்கமும் ஒரே அளவாகத் தொங்குகிறதா என்று குனிந்து பார்த்து, மெழுகுவர்த்திகளை நேராக்கி, பாட்டு எண் பலகையில் சாய்ந்துகிடக்கும் ஏழாம் எண்ணை நிமிர்த்தி, போதகரின் அங்கி மடிப்பை அவர் போட்டிருக்கும்போதே இழுத்துவிட்டு, ஆமென் சொல்ல அவசரப்படும் பாடகர் குழுவை ஒரு பார்வையால் அடக்கி, பிறகுதான் முதல் வரிசையில் போய் உட்காருவார். சாய்ந்து உட்கார மாட்டார்.

"இவ்வளவும் அவசியமா ஐயா?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"வேதத்துல, ஆண்டவரோட உடன்படிக்கைப் பெட்டி சாயுதேன்னு கையை நீட்டுனவன் என்ன ஆனான்?"

"செத்தான்."

"நல்ல எண்ணத்தோடதான் நீட்டுனான்" என்றார், என் கையைப் பார்த்தபடி. நான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அவருக்கு ஒரே ஒரு தம்பி. அம்மாவை அடக்கம் செய்த அன்று, போதகர் ஜெபிக்கும் முன்பே, அம்மாவுக்குப் பிடித்த பாட்டைத் தம்பி அழுதுகொண்டே பாட ஆரம்பித்துவிட்டார். அங்குலம் கையை உயர்த்தி நிறுத்தினார். "அது ஜெபத்துக்கு அப்புறம்." அன்றிலிருந்து தம்பி அண்ணனோடு பேசவில்லை, ஆலயப் பக்கமும் வரவில்லை.

போன ஞாயிறு வந்தார். அன்று வேதபாடம் வாசித்தவர் அங்குலம்தான். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகி ஒப்புரவாகு என்கிற பகுதி. கமாவுக்கு ஒரு மூச்சு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு. அத்தனை சுத்தமான வாசிப்பை நான் கேட்டதில்லை.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. கடைசி வரிசையிலிருந்து தம்பி எழுந்து வந்தார். தன் காணிக்கை உறையைப் பீடத்துப் படியில் வைத்தார். நேராக அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். பின் வரிசையிலிருந்த நான் பாடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அண்ணே, வெளிநாட்டுல மகளோட போய் இருக்கப் போறேன். வண்டி வெளியில நிக்குது, இங்கேர்ந்து நேரா விமான நிலையம். இனிமே வருவேனான்னு தெரியல."

"பாட்டு போயிட்டிருக்கு."

"இப்பதானே படிச்சீங்க, முதல்ல போய் ஒப்புரவாகுன்னு?"

"படிச்சேன். அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கில்ல? காணிக்கை ஜெபம் முடிஞ்சதும், எல்லாரும் கை குலுக்குற சமாதான வாழ்த்து வரும். அப்ப நானே வந்து கை குடுக்கிறேன். போய் உன் இடத்துல உக்காரு. உறையைப் படியில வைக்கக் கூடாது, தட்டுல போடு."

தம்பி உறையை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, கடைசி வரிசைக்கே திரும்பினார். சொன்ன பேச்சைக் கேட்கிற தம்பி. பாட்டில் இன்னும் நிறையச் சரணங்கள் பாக்கி; எங்கள் சபையில் சரணத்தைக் குறைக்க அங்குலம் விடமாட்டார். ஜெபமும் தன் நீளத்துக்கு நடந்தது. நடுவே வெளியில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அங்குலம் முகம் சுளித்தார்.

சமாதான வாழ்த்து வந்தது. அங்குலம் எழுந்து, சட்டையை நீவிவிட்டு, வலது கையை முறைப்படி நீட்டியபடி கடைசி வரிசைக்கு நடந்தார். அங்கே தம்பி இல்லை. நீட்டிய கையை அடுத்து என்ன செய்வது என்று எந்த ஆராதனை ஒழுங்கிலும் சொல்லவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்பி வந்து, அடுத்த பாட்டுக்குச் சரியான நேரத்தில் எழுந்து நின்றார். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் பாவமாக இருந்தது.

நீங்கள் அந்த இனம் இல்லைதான். ஆனாலும், பாட்டு நடக்கும்போது குறுக்கே வராமல், அந்தத் தம்பி ஆராதனைக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்து பேசியிருக்கலாமே என்று ஒரு நொடி உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால் தயங்காமல் முதல் வரிசைக்கு வாருங்கள். அங்குலத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.