தரைக்கு வலிக்காமல் நடந்த கேடட்

ராணுவத்திலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ காரணங்களுக்காகத் திரும்பி வந்திருக்கிறார்கள். கண் பார்வை போதவில்லை என்று வந்தவர்கள் உண்டு. சப்பாத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்தவர்களும் உண்டு. நடந்தால் சத்தம் கேட்கவில்லை என்பதற்காகத் திரும்பி வந்தவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் திருச்சியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில், எனக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்தார்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. நீளமான வைணவப் பெயர். அதை லாட்ஜில் யாரும் உபயோகித்ததில்லை. எல்லோருக்கும் அவர் கேடட். வடக்கே ஒரு ராணுவ அகாடமிக்கு ஆபீசர் பயிற்சிக்குப் போய், பாதியில் விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். எப்படியாவது மறுபடி உள்ளே போய் ஆபீசராகிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு யோசனை கிடையாது. பகலில் ஒரு டுடோரியல் காலேஜில் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் ராணுவத்தில்தான் இருப்பார். ராணுவத்துக்கு மட்டும் அது தெரியாது.

நான் லால்குடிப் பக்கத்துக் கிராமம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்து லாட்ஜுக்கு வந்த அன்று, கட்டிலில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். காதுக்குப் பக்கத்தில், "அப்படி மடிக்கப்படாது" என்று ஒரு குரல். கதவு திறந்த சத்தமில்லை. ஆள் வந்த சத்தமில்லை. நான் கட்டிலின் அந்தப் பக்கம் போய் விழுந்தேன்.

"பயந்துட்டேளா? எல்லாரும் மொதல்ல பயப்படறா. பழகிடும்" என்றார்.

யாருக்கும் பழகவில்லை. மெஸ் சமையல்காரர் திரும்பிப் பார்த்து, கேடட் நிற்பதைக் கண்டு, கரண்டியைச் சாம்பாருக்குள் விட்டுவிட்டுக் கத்துவது வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கும். மேனேஜருக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னபோது, "உப்பை அப்புறம் பாக்கலாங்க, மொதல்ல அந்தக் கேடட்டக் கொறைக்கணும்" என்றாராம். கடைசியில் சொந்தச் செலவில் ஒரு ஜோடி பாதக்குறடு வாங்கிக் கொடுத்து, லாட்ஜுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நடக்கும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். மரக்கட்டைச் செருப்பு. நான் போட்டால் மாட்டு வண்டி போகிற மாதிரி கேட்கும். கேடட் போட்டுக்கொண்டு மாடிப்படி முழுக்க ஏறி இறங்கினார். மேனேஜர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை.

இது பரம்பரை விஷயம். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் புறப்பாடு ஆகும்போது பல்லக்கைத் தோளில் தாங்குகிற குடும்பம் அவருடையது. பல்லக்கு ஆட வேண்டிய இடத்தில் ஆடும், குலுங்காது. மாலையில் ஒரு பூ உதிரக் கூடாது. அப்படி ஒரு நடை. கேடட் தெருப் பையன்களோடு விளையாட்டுப் பல்லக்குத் தூக்கிய நாளிலிருந்து அந்த நடைதான் நடந்திருக்கிறார். அவர் பாதம் தரையிடம் உத்தரவு கேட்டுக்கொண்டுதான் இறங்கும்.

அந்தப் பாதத்தோடு அகாடமிக்குப் போயிருக்கிறார்.

"டிரில் சொல்லிக் குடுக்கற உஸ்தாத் ஒருத்தர், பஞ்சாப்காரர்" என்று கேடட் சொல்வார். "காலை ஒசத்தித் தரைய அடிம்பார். நானும் ஒசத்துவேன். எறங்கும்போது அதுவா மெதுவாயிடும். எல்லாரும் சேந்து அடிச்சா மைதானமே அதிரும். என்னைத் தனியா அடிக்கச் சொன்னா, மரத்துல குருவி கத்தறது கேக்கும்."

"அவரு திட்டலீங்களா?"

"திட்டலை, லால்குடி. கெஞ்சினார். ‘ஸாப், பூமி ஒடஞ்சா சர்க்கார் வேற வாங்கிப் போடும், நீங்க அடிங்க’ன்னார்."

டிரில் பரீட்சையில் தேறாதவனை ஞாயிற்றுக்கிழமைகூட வெளியே விடமாட்டார்களாம். மற்றவர்கள் சினிமாவுக்குப் போக, இவர் காலியான மைதானத்தில் தனியாகத் தரையைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு டெர்ம் பின்னுக்குத் தள்ளப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ரோஷம் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார். வண்டி ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள்ளேயே தப்புப் பண்ணிவிட்டோம் என்று தெரிந்துபோயிற்றாம்.

ஊருக்கு வந்தால், அங்கே வேறு ஒரு வேலை தயாராகக் காத்திருந்தது. பல்லக்குத் தண்டின் கீழ் அவர் அப்பாவுக்குப் பக்கத்து இடம் காலியாகப் போகிறது. அதற்குச் சரியான உயரம் குடும்பத்தில் கேடட்டுக்குத்தான். வீட்டில் இருந்தால் எந்தப் புறப்பாட்டிலாவது தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, பஸ்ஸில் ஏறினால் வந்துவிடுகிற வீட்டை விட்டுவிட்டு லாட்ஜில் குடியிருந்தார்.

என் அப்பா ஒரு தடவை அரிசி மூட்டையோடு வந்தவர், கதையைக் கேட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "சோறு போட்டு, துணி குடுத்து, சம்பளமும் குடுக்குற எடத்த வேணாம்னுட்டு வந்தவரா? ரொம்ப நெருங்காதப்பா, ஒட்டிக்கப் போவுது" என்றார்.

எனக்கு ஏற்கெனவே ஒட்டியிருந்தது. இங்கிலீஷில் உத்தரவு போடுகிற யாரைப் பார்த்தாலும் எழுந்து நிற்கிற வயசு. அவர் விடியற்காலை "லால்குடி, அப்" என்றால் எழுந்துவிடுவேன். என் கட்டில் விரிப்பில் சுருக்கம் இருந்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்; பெருமூச்சு விடுவார். அதற்குப் பயந்தே தரையில் படுக்க ஆரம்பித்தேன்.

பட்டதாரிகளுக்கு வேறு வழியாக ராணுவத்தில் இடம் உண்டு. அதற்கு பெங்களூரில் செலக்ஷன் போர்டு முன்னால் போய் நிற்க வேண்டும். முதல் தடவை போனவர் மூன்றாம் நாள் திரும்பிவிட்டார்.

"ஏன் அகாடமிய விட்டேன்னு கேட்டா. டிரில் வரலைன்னேன். இப்ப வருமான்னா. இன்னும் வரலைன்னேன்."

மேனேஜரால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, அதான் வந்துட்டேன்னு சொல்றதுதானே."

"அம்மா நன்னா இருக்காளே."

"அது அவங்களுக்குத் தெரியவா போவுது?"

"ஆபீசர் பொய் சொல்லப்படாது."

"நீங்க இன்னும் ஆபீசர் ஆவலீங்களே."

"ஆயிட்டா பொய் சொல்ல வேண்டிய தேவையே வராதே" என்றார் கேடட். மேனேஜர் மாத்திரை போட்டுக்கொள்ளப் போனார்.

அடுத்த போர்டுக்குள் காலில் சத்தம் வரவழைப்பது என்று முடிவாயிற்று. தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் பயிற்சி. அவர் அடிப்பார், நான் காது கொடுத்துக் கேட்டு அபிப்பிராயம் சொல்வேன். "கொஞ்சம் கேட்ட மாதிரி இருந்துச்சுங்க" என்பேன், மனசு கேட்காமல். ஒரு நாள் சலித்துப்போய், "நீங்க அடிச்சுக் காட்டுங்கோ, பாப்போம்" என்றார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு அடி வைத்தேன்.

கீழே மெஸ்ஸில் காரை பெயர்ந்து ரசத்தில் விழுந்தது.

கேடட் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க தாத்தா என்ன பண்ணிண்டிருந்தார்?"

"தண்ணி எறைக்க ஏத்தம் மிதிச்சாருங்க. அப்பாவும்தான்."

"குடுத்து வெச்சவர் நீங்க" என்றார். என் காலைப் பார்த்து இன்றுவரை வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அதற்குள் மேனேஜர் மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார். நடந்ததைத் தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்: "லால்குடி தம்பி இனிமே மாடிக்கே வரக் கூடாது. கேடட் தம்பி எவ்வளவு வேணா மிதிச்சுக்கலாம். அவரால என் கட்டடத்துக்கு ஒரு ஆபத்தும் இல்ல." அன்று ராத்திரி கேடட் சாப்பிடவில்லை.

இரண்டாவது போர்டில் காலை யாரும் பார்க்கவில்லை. கட்டையைக் கொடுத்தார்கள். ஒரு கோஷ்டியிடம் பெரிய மரக்கட்டையைக் கொடுத்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொல்வார்கள். யார் முன்னால் வந்து யோசனை சொல்கிறான், யார் உத்தரவு போடுகிறான் என்று ஓரத்தில் நின்று ஒரு ஆபீசர் கவனிப்பார். மற்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உத்தரவு போட்டார்களாம். கேடட் கட்டையைப் பார்த்தார். அவருடைய குடும்பத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தால் பேசுகிற வழக்கமில்லை. குனிந்து தோளைக் கொடுத்துவிட்டார். பேசி முடித்தவர்கள் வந்து ஒட்டிக்கொள்ள, கட்டை அலுங்காமல் நலுங்காமல் அந்தப் பக்கம் போயிற்று.

"கட்டை செலக்ட் ஆயிடுத்து, லால்குடி. நான் ஆகலை" என்றார், பெட்டியைக் கீழே வைத்து.

சீனாக்காரன் மலையைத் தாண்டி வந்தது அதற்கப்புறம். ராணுவத்துக்கு அவசரமாக ஆபீசர்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. லாட்ஜே பொங்கி எழுந்து கேடட்டைத் தயார் செய்தது. மெஸ்ஸின் நீள பெஞ்சை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். மேனேஜர் தேச பக்தியால் என் மேல் இருந்த தடையை நீக்கி, தாமே அடிபட்ட சிப்பாயாகப் பெஞ்சில் படுத்துக்கொண்டார். நாலு பேர் தூக்க வேண்டும். கேடட் தூக்காமல் உத்தரவு மட்டும் போட வேண்டும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோளைக் கொடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் அப்பா வந்தார். பிள்ளையைக் கையோடு கூட்டிப் போக வந்தவர். படியேறி வந்து, நாங்கள் பெஞ்சைத் தூக்கும் லட்சணத்தைப் பார்த்தார். வந்த காரியம் மறந்துவிட்டது.

"நிறுத்துங்கோ. என்ன இது? நெட்டையையும் குட்டையையும் ஜோடி சேத்தா பாரம் யார் தலைல விழும்? நீர் இப்படி வாரும். நீர் பின்னால போம். ஓய், இது என்ன கால், உலக்கையா? மெல்ல வையும்."

உலக்கை நான்தான். எங்களை இடம் மாற்றி நிறுத்தி, நடக்கச் சொன்னார். மாடியை ஒரு சுற்றுச் சுற்றினோம். "ரயில்ல மொத வகுப்பு மாதிரி இருக்குங்க சாமி" என்றார் பெஞ்சில் படுத்திருந்த சிப்பாய்.

அப்போதுதான் பெரியவருக்கு வந்த காரியம் ஞாபகம் வந்தது. "இன்னும் எத்தனை நாள்டா? பட்டாளத்துக்குக் கால் வேணும். பெருமாளுக்குத் தோள் வேணும். உங்கிட்ட இருக்கறது தோள். பெரியப்பா பிள்ளை கேட்டுண்டிருக்கான். அந்த எடத்தை அவனுக்குக் குடுத்துட்டா அப்புறம் உனக்கு இல்லை."

கேடட் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். பிறகு, "இந்த ஒரு தடவைப்பா. இதுலயும் ஆகலைன்னா தோளைக் குடுத்துடறேன். அதுக்கப்புறம் பட்டாளம்னு வாயத் திறக்கமாட்டேன்" என்றார்.

மூன்றாவது போர்டில் அதே மாதிரி கட்டை. கேடட் குனியப் போனார், சமாளித்து நிமிர்ந்தார். ஆட்களை ஒரு பார்வை பார்த்தார். வாய் திறந்து, "நீ முன்னால வா, நீ பின்னால போ" என்று உயரம் பார்த்து ஜோடி சேர்த்து நிறுத்தினாராம். ஏன் அப்படி என்று ஆபீசர் கேட்டதற்கு, "இல்லேன்னா கனம் ஒருத்தன் மேலயே விழும் சார், அவன் வாயத் திறந்து சொல்லவும் மாட்டான்" என்றாராம். அகாடமியை ஏன் விட்டாய் என்ற கேள்விக்கு மட்டும் அதே பழைய பதில். எடுத்துக்கொண்டார்கள். "சீனாக்காரன் புண்ணியம்" என்றார் மேனேஜர், இனிப்பு வழங்கிக்கொண்டே.

பயிற்சி மெட்ராஸில். அங்கேயும் டிரில் உண்டு என்பதால் நாங்கள் சந்தோஷப்படுவதை ஒத்திப்போட்டோம். சில மாதம் கழித்து, ஒரு காலை ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது படியில் டக் டக் என்று சத்தம். யாரோ புது ஆள் என்று எட்டிப் பார்த்தேன். பூட்ஸ், பச்சை உடுப்பு, தோளுக்கு ஒரு நட்சத்திரம். கேடட்.

"எப்படிங்க சத்தம் வந்துச்சு?" என்றேன்.

"ஒவ்வொரு அடிக்கும் கீழ மேனேஜர் ரசம் சாப்பிட்டுண்டிருக்கார்னு நெனச்சுண்டேன். வந்துடுத்து."

ஸ்ரீரங்கத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். பெரியவர் பிள்ளையின் தோளில் இருந்த நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். "இதுல பாரமே இல்லையேடா" என்றார். சாப்பிட உட்காரச் சொன்னார். தண்டின் கீழ் இருந்த இடம் அந்த மாதமே பெரியப்பா பிள்ளைக்குப் போயிற்று. லீவு முடிந்து கேடட் வடக்கே போனார். ஜங்ஷனுக்கு மேனேஜரும் நானும் போயிருந்தோம். வண்டி கிளம்பியதும் மேனேஜர், இனிமேல் ரத்தக் கொதிப்பு இறங்கிவிடும் என்றார். இறங்கவில்லை.

அப்புறம் பாகிஸ்தான் சண்டை வந்தது. லாட்ஜுக்குப் பக்கத்துப் பார்க்கில் முனிசிபாலிட்டி ரேடியோ உண்டு. ஆபீஸ் விட்டதும் நேரே அங்கே போய் நின்றுவிடுவேன். டெல்லியிலிருந்து தமிழில் செய்தி. மேனேஜரும் வந்து பக்கத்தில் நிற்பார். சின்ன லெப்டினன்ட் ஒருவருக்கு ஏதாவது ஆனாலும் பெயரையெல்லாம் செய்தியில் வாசிக்க மாட்டார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த நீளமான வைணவப் பெயரை மனசுக்குள் முழுசாக ஒரு தடவை சொல்லிக்கொண்டு, அது வராமல் செய்தி முடிகிற வரை நின்றிருந்துவிட்டுத்தான் சாப்பிடப் போவோம்.