நடக்க நடக்கப் பருத்தவர்

சாப்பிட்டுப் பருத்தவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தின்றார்கள், பருத்தார்கள், கதை முடிந்தது. இங்கே அறிமுகமாகப் போகிறவர் வேறு இனம். சாப்பிடாமலே பருப்பவர். வெந்த காயைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பாராமல், வியர்க்க விறுவிறுக்க நடந்து, சர்க்கரையைச் சத்துருவாகவும் எண்ணெயை எமனாகவும் நினைத்து, மாதக் கடைசியில் எடை மெஷின்மீது கடவுள் பெயரைச் சொல்லி ஏறி, முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து, "இதெப்படி?" என்று வானத்தைக் கேட்பவர். வானம் பதில் சொல்வதில்லை. அதற்குத் தெரியும்.

இந்த இனம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் முழு வளர்ச்சி அடைந்த ஓர் ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் சமோவாவுக்குத்தான் வரவேண்டும். அதிலும் உப்போலுத் தீவின் தென்கரையில் இருக்கிற எங்கள் ஊருக்கு. அதிலும் பெசமினோவின் வீட்டுக்கு.

பெசமினோ பள்ளிக்கூட வாத்தியார். குடும்பப் பட்டத்தைத் தாங்குகிற தலைவரும்கூட, அதனால் ஊர்ச்சபையில் சாய்ந்து உட்கார அவருக்கென்று தனித் தூண் உண்டு. ஆனால் யாரென்று கேட்டால் இந்தப் பெருமைகளில் ஒன்றையும் சொல்லமாட்டார். "ஊர்ப் படகுல முன்வரிசைத் துடுப்பு" என்பார். சுதந்திர தினத்துக்கு ஆப்பியா துறைமுகத்தில் ஊருக்கு ஊர் நீள்படகு விட்டுப் போட்டி போடுகிறார்களே, அந்தப் படகில் மீசை முளைத்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பலகைதான். வேறெந்தப் பட்டத்தைப் பிடுங்கினாலும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார். இந்த வருஷம் ஆபத்து அந்தப் பலகைக்கே வந்தது.

படகுத் தலைவர் அலிப்பாத்தே. பெசமினோவின் மனைவி லாங்கிக்கு உடன்பிறந்த அண்ணன். ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லாரும் படகைக் கரையேற்றிக்கொண்டிருக்கும்போது பெசமினோவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ளே, படகோட மூக்கு தண்ணியில புதையுது. நீங்க உக்கார்ற பக்கமாத்தான் புதையுது."

"அலை அப்படி, மச்சான்."

"அலைக்கு உங்க மேல என்ன விரோதம்? போட்டிக்கு முன்னால எடை பாப்பேன். நூறு கிலோவுக்குக் கீழ வந்துட்டா பலகை உங்களுது. இல்லேன்னா செமிசி உக்காருவான்."

செமிசி அலிப்பாத்தேயின் தம்பி மகன். பார்த்தால் எலும்பும் தோலுமாக இருப்பான். துடுப்பைக் கையில் கொடுத்தால் பேய் பிடித்தவன். அவன் பெயரைக் கேட்ட அன்றிலிருந்து பெசமினோ துறவியானார்.

வீட்டில் அவர் சாப்பாட்டைப் பார்த்தால் உங்களுக்கே கண் கலங்கும். வெறும் தண்ணீரில் வெந்த வாழைக்காய். சுட்ட மீன், அதுவும் சின்ன மீன். ஒரு கீற்றுப் பப்பாளி. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து டின் மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு வதக்கி விழுங்கிக்கொண்டிருக்க, இவர் அந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பமாட்டார். சாயங்காலம் பள்ளி விட்டதும் இடுப்பில் லாவாலாவாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கோயில் முனையிலிருந்து ஆற்று முனை வரைக்கும் நடை. பிரார்த்தனை மணி அடிப்பதற்குள் திரும்பி வருவார், நனைந்த கோழி மாதிரி. ஒரு நாள் தவறியதில்லை. மழையா? நடை உண்டு. காய்ச்சலா? மெதுவான நடை உண்டு.

எடை ஏறியது.

ஏறாமல் என்ன செய்யும்? அவர் நடக்கிற பாதையை நாம் இன்னும் பார்க்கவில்லையே. எங்கள் ஊரில் வீட்டுக்குத் தூண் உண்டு, கூரை உண்டு, சுவர் கிடையாது. பாதையில் போகிறவர் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவார். உள்ளே கொதிக்கிற கொக்கோ பாதையில் போகிறவருக்கு மணக்கும். சாப்பிடும்போது வழியில் போகிறவரை "வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்று கூப்பிடாவிட்டால் அந்த வீட்டுக்கு மானக்கேடு. கூப்பிடப்பட்டவர் "ஆச்சு, நன்றி" என்று சொல்லிவிட்டுப் போகலாம், சம்பிரதாயத்தில் இடம் இருக்கிறது. செமிசி அப்படித்தான் போகிறான். ஆனால் ஒரு பட்டக்காரர், அதுவும் வாத்தியார், அதுவும் அந்த வீட்டுப் பிள்ளைக்கு நேற்றுத்தான் காதைத் திருகியவர், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனால் நன்றாகவா இருக்கும்?

"வாத்தியாரய்யா, வாங்க! உருண்டைப் பணியாரம் இப்பத்தான் எடுத்தேன்."

"ஐயோ வேணாம்மா. உடம்பைக் குறைக்கிறேன்."

"அதான் நடக்கிறீங்களே! உக்காருங்க. ஒண்ணே ஒண்ணு."

உட்காருவார். ஒன்றே ஒன்றுதான் எடுப்பார், சத்தியம். இரண்டாவதை அவர்களே வைப்பார்கள். பக்கத்து வீட்டில் தேங்காய்ப்பாலில் ஊறிய பன். அதற்கடுத்த வீட்டில் சேம்பிலையில் தேங்காய்ப்பால் கட்டிக் கல் அடுப்பில் சுட்ட பலுசாமி. அது இலை, இலை கீரைக்குச் சமானம், கீரை உடம்புக்கு நல்லது. ஆற்று முனைக்குப் போய்ச் சேரும்போது ஒரு சின்னக் கல்யாணத்தைத் தனியாளாகச் சாப்பிட்டிருப்பார். ஆனால் அவர் கணக்கில் அது எதுவும் சாப்பாடு அல்ல, மரியாதை. மரியாதைக்கு ஏது எடை?

எடை ஏறியதும் குற்றவாளியைத் தேட ஆரம்பித்தார். முதலில் மாதர் சங்கக் கூடத்து மெஷின். பிறகு உப்புக்காற்று, அது எலும்புக்குள் புகுந்து கனக்கிறதாம். பிறகு தைராய்டு. ஆப்பியா வரை பஸ்ஸில் போய் ரத்தம் கொடுத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது இவருக்கு வந்த ஏமாற்றத்தைப் பார்த்து டாக்டரே ஆறுதல் சொல்லும்படி ஆயிற்று. அலிப்பாத்தேயிடம் போய் முறையிட்டார்.

"நடக்கிறது பத்தலை, மாப்ளே. காலையிலயும் நடங்க."

நடந்தார். காலையில் வீடுகளில் கொக்கோ விட்டுக் காய்ச்சிய சோறு. உங்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் பழி லாங்கி தலையில் விழுந்தது. ஒரு நாள் வாழைக்காயை மோந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: "உண்மையைச் சொல்லு. இதுல தேங்காப்பால் விடுறியா?"

லாங்கி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "உங்களுக்காக நானும் ரெண்டு மாசமா வெறும் வாழைக்கா திங்கிறேன். என் சமையலையா சந்தேகப்படுறீங்க? சரி, இன்னிக்கு நானும் நடக்க வர்றேன்."

வந்தாள். பார்த்தாள். பாதி வழியில் அவளுக்கும் உட்கார இடம் போட்டார்கள். அண்ணன் பெண்டாட்டி மரேத்தா அவள் மடியிலேயே பன்னை வைத்தாள். பிரார்த்தனை மணிக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, லாங்கி நேராக அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். தான் தின்ற பன்னைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

சமோவாவில் தங்கச்சி கண் கலங்கி நின்றால் அண்ணன் மலையைப் புரட்டவேண்டும். அலிப்பாத்தே விஷயத்தை ஊர்ச்சபைக்குக் கொண்டுபோனார். பட்டக்காரர்கள் அவரவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, படகின் மானம் ஊரின் மானம் என்று ஒப்புக்கொண்டு, போட்டி முடியும் வரை நடந்து போகிற பெசமினோவை எந்த வீடும் சாப்பிடக் கூப்பிடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். மீறினால் அபராதம் ஒரு பன்றி.

"தண்ணி குடுக்கலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"குடுக்கலாம்."

"இளநி?"

"அதுவும் தண்ணிதானே."

"உள்ள வழுக்கை இருந்தா?"

அதில் விவாதம் மதியம் வரை போனது. பிறகு எல்லாரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் பெசமினோ நடந்தார். பணியாரம் மணந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஒரு வீட்டில் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்னொரு வீட்டில் ஓலைத் தட்டியை இறக்கிவிட்டார்கள். பிள்ளைகள்கூட வாத்தியாரைப் பார்த்துக் கையசைக்கவில்லை. பசி அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அவர் இந்த ஊரில் கூப்பிடாத வீட்டைக் கடந்து நடந்ததில்லை, அதுதான் தாங்கவில்லை. தானே இல்லாமல் போய்விட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தார். சுவர் இருந்திருந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்.

ஆனாலும் மறுநாளும் நடந்தார். அந்தப் பலகைக்காக நடந்தார். அதற்காக அவரை நாம் கொஞ்சம் மதிக்கவும் வேண்டும்.

தடையை முதலில் உடைத்தது, வேறு யார், அலிப்பாத்தே வீடுதான். மரேத்தா கொக்கோவை ஆற்றிக்கொண்டே தெருவைப் பார்த்தாள். நாக்குப் பழக்கம். "அண்ணே, வாங்க, சாப்பிட்டுப் போங்க!" என்று கூப்பிட்டுவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே அலிப்பாத்தே தலையில் கை வைத்தார்.

பெசமினோ நின்றார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கவேண்டும். ஆனால் உள்ளே போகவில்லை. "வேணாம், தங்கச்சி. நன்றி" என்று சொல்லிவிட்டு நடந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மறுத்தார்.

ஆனால் அபராதம் சாப்பிட்டதற்கு இல்லையே, கூப்பிட்டதற்கு. அலிப்பாத்தே ஒரு கொழுத்த பன்றியைக் கட்டினார். படகுத் தலைவர் வீடல்லவா, சின்னப் பன்றி கொடுத்தால் சிரிப்பார்கள்.

அப்புறம் நடந்ததை எங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் முன்பே யோசித்திருக்கவேண்டும். அன்றிரவே எதிர்வீட்டில் பேச்சு எழுந்தது: "வாத்தியாரை மதிச்சு அவங்க ஒரு பன்னி குடுத்திருக்காங்க. நம்ம என்ன கொறைஞ்சா போயிட்டோம்?" மறுநாள் எதிர்வீடு தெருவுக்கே வந்து நின்று, ஊர் கேட்கிற மாதிரி கூப்பிட்டது. பெசமினோ மறுத்தார். இன்னொரு பன்றி. கோயில் முனைக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள் என்று ஆற்று முனைக்காரர்கள் கொடுத்தார்கள். பன்றி இல்லாத ஒரு குடும்பம் நியூசிலாந்தில் இருக்கும் மகளுக்கு போன் போட்டு, டின் மீன் பெட்டி பெட்டியாக வரவழைத்து, பெருமையாகத் தண்டம் கட்டியது.

ஊர்ச்சபைக்கு வருகிற அபராதத்தை என்ன செய்வது? பட்டக்காரர்களுக்குப் பங்கு போட வேண்டும். இன்ன பட்டத்துக்கு இன்ன துண்டு என்பது தாத்தா காலத்துக்கு முன்பே முடிவான சங்கதி. பெசமினோவின் பட்டத்துக்கு உரியது பின்தொடை. அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அவமானம் அவருக்கல்ல, அந்தப் பட்டத்தைத் தாங்கிய முன்னோர் எல்லாருக்கும். ஆகவே நடையில் ஒரு வாய்கூடத் தொடாத பெசமினோ, வீட்டுக்கு வந்து முன்னோருக்காகத் தொடை தின்றார்.

எடை பார்க்கும் நாள் வந்தது. மாதர் சங்கக் கூடத்தில் படகுக்காரர்கள் எல்லாரும் கூடினார்கள். பெசமினோ ஏறினார். முள் நூறைத் தாண்டி, ஆற அமர யோசித்து, இன்னும் கொஞ்சம் தாண்டி நின்றது.

"மச்சான், சத்தியமா நடையில ஒரு பணியாரம்கூடத் தொடலை. ஊரையே கேளுங்க."

"அப்ப இது என்ன, மாப்ளே?"

"அது அபராதம். சாப்பாடு இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க முடியவில்லை, அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் பட்டக்காரர்கள். அலிப்பாத்தே தரையைப் பார்த்துக்கொண்டு, "செமிசி, முன்பலகையில உக்காரு" என்றார். பட்டம் இல்லாத செமிசி, பங்கு கிடைக்காத செமிசி, எலும்பு தெரிய முன்னால் வந்தான். பெசமினோவின் கண்ணில் தண்ணீர் நிறைந்தது, மறைக்கவும் இல்லை. போய் அவன் தோளைத் தட்டி, "அந்தப் பலகையில இடது பக்கம் ஒரு ஆணி தூக்கிட்டிருக்கு. பாத்து உக்காரு" என்றார்.

பிறகு திரும்பி, கோபமே இல்லாமல், "மச்சான், நீங்களும் ஒரு தடவை ஏறுங்களேன்" என்றார்.

படகுத் தலைவர் ஏறினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அலிப்பாத்தேயும் குனிந்து பார்த்தார். வயிறு மறைத்ததால் இன்னும் கொஞ்சம் குனிந்தார். பிறகு இறங்கி, இடுப்புத் துணியின் நுனியைப் பிடித்துப் பிழிந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "காலையில கடல்ல இறங்கினேன்ல. துணி ஈரம்."

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த தோசையை வீணாகக் கூடாதே என்று வாயில் போட்டது சாப்பாடு அல்ல. உப்பு சரியா என்று பார்த்த நாலு கரண்டி சாப்பாடு அல்ல. சம்பந்தி கையைப் பிடித்து வற்புறுத்தி இலையில் விட்ட பாயசம் சாப்பாடு அல்ல. ஆபீசில் யாரோ வெட்டிய பிறந்தநாள் கேக்கு சாப்பாடே அல்ல. எல்லாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நாளைக்கு மெஷினில் ஏறும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். முதலில் துணியைக் காயப்போட்டுவிட்டு ஏறுங்கள்.